விறகு வண்டிக்கு ஒரு தட்டி

நெல்லைப் பற்றியும் நீரைப் பற்றியும் நம்மவர் நிறையப் பேசியிருக்கிறார்கள். நெல்லைச் சோறாக்கும் விறகைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. அது அடுப்படியின் மூலையில் அடக்கமாகக் கிடக்கிறது; வேண்டியபோது எரிகிறது; எரிந்து சாம்பலாகிய பின்னும் பாத்திரம் துலக்க உதவுகிறது. இல்லாத நாளிலேதான் அதன் அருமை தெரியும். 2022ஆம் ஆண்டில் அத்தகைய நாட்கள் பல வந்தன. எரிவாயு உருளைகளை வரிசையாக வைத்துவிட்டு மக்கள் இரவு பகலாகக் காத்துக் கிடந்தார்கள். மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. கைவிடப்பட்டிருந்த மண் அடுப்புகள் மீண்டும் மெழுகப்பட்டன. புகைக்கூடு வைக்காமற் புதுப்பாணியில் வீடு கட்டியவர்கள் கோடிப்புறத்தில் மூன்று கல்லை வைத்துச் சமைத்தார்கள். விறகுகாலைகளின் முன்னே மோட்டார்க் கார்களும் வந்து நின்றதைக் கண்டேன்.

அந்த ஆண்டிலேதான் என் மனைவியின் தம்பி கொழும்பிற் பார்த்துவந்த வேலையை இழந்து வடமராட்சியிலுள்ள எங்கள் ஊருக்குத் திரும்பினார். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், வயது முதிர்ந்த தாயார் ஆகிய நால்வரும் அவர் கையை நம்பியிருந்தனர். வேலையை விட்டபோது கிடைத்த தொகையோடு மனைவியின் காப்புகளை விற்ற பணத்தையும் சேர்த்து, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பழைய யப்பானியப் பிக்கப் வண்டியை வாங்கினார். தென்மராட்சிக் காணிகளில் விழுந்த மரங்களையும் தறித்த கிளைகளையும் விலைக்கு வாங்கி, விறகாகக் கொத்தி, வலிகாமத்திலுள்ள வெதுப்பகங்களின் போறணைகளுக்கும் வீடுகளுக்கும் கொடுப்பது அவருடைய எண்ணம்.

வண்டியின் பின்தட்டு ஏழடி நீளம், ஐந்தடி அகலம். அதனைச் சுற்றி இருந்த இரும்புப் பக்கங்களின் உயரம் ஓரடி மாத்திரமே. விறகு ஏற்றுவதற்கு அது போதாது. அடுக்கிய கட்டைகள் வளைவில் திரும்பும்போது ஒன்றன்மேலொன்று வழுக்கித் தெருவில் விழும். ஆகவே பக்கங்களுக்கு மரத்தினால் தட்டி கட்ட வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது என்பதிலேதான் வழக்கு எழுந்தது.

“அத்தான், ஒரு நடைக்கு டீசற் செலவு ஒன்றுதான், ஆட்கூலியும் ஒன்றுதான். ஏற்றுகிற விறகு கூடினால் மிச்சமும் கூடும். நாலடிக்கு உயர்த்திப்போட்டால் இரண்டு நடைக்குரிய விறகு ஒரு நடையில் வந்துவிடும்” என்று அவர் எனக்கு விளக்கினார். நான் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். வரவும் செலவும் அவருடைய கணக்கிற் சரியாக இருந்தன. வண்டியின் உடம்பு மாத்திரம் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. அதை எடுத்துச் சொல்லுவதற்கு என்னிலும் தகுதியானவர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவரிடம் வண்டியைக் கொண்டு போகும்படி கூறினேன்.

அவர் எழுபது வயதைத் தாண்டிய ஓடாவியார். அவருடைய முன்னோர் வல்வெட்டித்துறையிற் கப்பல் கட்டியவர்கள். ஓடாவி என்ற சொல்லே கப்பல் தச்சனைக் குறிப்பதுதான். யாழ்ப்பாணத்தில் அது தச்சர் அனைவருக்கும் உரிய மரியாதைப் பெயராகிவிட்டது. இளமையில் அவர் தட்டி வான்களுக்கு மரவேலை செய்தவர். பருத்தித்துறைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ஓடிய அந்த வான்களை இன்றைய பிள்ளைகள் படத்திலேதான் பார்த்திருப்பார்கள். பழைய வண்டியொன்றின் இயந்திரத்தின் பின்னே முழுவதும் மரத்தாலான கூடு. அதன் பின்புறத்திற் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டி. தேங்காயும் மாம்பழமும் மீன்கூடையும் அந்தத் தட்டியில் ஏறும். இடமில்லாதபோது மனிதரும் ஏறுவர். ஒரு வாகனத்துக்கு அதன் இயந்திரத்தால் அன்றி, பின்னால் தொங்கிய பலகையால் பெயர் வந்ததென்றால், அந்தப் பலகை எத்தனை குடும்பங்களின் பிழைப்பைச் சுமந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓடாவியார் முதல் நாள் உளியைத் தொடவேயில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தச் செய்தார். சாக்கொன்றை விரித்துப் பின்புறத்தின் கீழே படுத்து, வில்லுத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பின் அச்சுக்கும் அதன் மேலுள்ள இரும்புச் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெளியைக் கைவிரல்களால் அளந்தார். வெறும் வண்டியில் அது ஐந்து விரல் அகலம் இருந்தது. பின்னர் அயலில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவருக்காக 20 மூடை சீமெந்து ஏற்றிவரும்படி மைத்துனரை அனுப்பினார். மூடையொன்று 50 கிலோகிராம். இருபது மூடையும் சேர்ந்தால் சரியாக ஒரு தொன். வண்டியின் பதிவுப் புத்தகத்திற் குறிக்கப்பட்ட மொத்த நிறையிலிருந்து வெறும் வண்டியின் நிறையைக் கழித்தபோதும் ஒரு தொன்னே எஞ்சியது. மூடைகளோடு வண்டி திரும்பி வந்ததும் ஓடாவியார் மீண்டும் அளந்தார். ஐந்து விரல் மூன்று விரலாகக் குறைந்திருந்தது. கிளுவைத் தடியொன்றை அந்த அளவுக்குச் சீவி எடுத்து மைத்துனர் கையிற் கொடுத்தார்.

“தம்பி, ஏற்றி முடிஞ்ச பிறகு இந்தத் தடியை இதுக்குள்ளை விட்டுப் பாரும். போகாட்டில் வண்டி நகரக் கூடாது. வண்டி கொள்ளுறது வேறை, தாங்குறது வேறை. நான் செய்யிற தட்டி கொள்ளுறதைத்தான் கூட்டும். தாங்குறதைக் கூட்ட என்னாலை ஏலாது” என்றார்.

இத்தனை தெளிவாக எந்தப் பாடநூலும் கனவளவையும் நிறையையும் வேறுபடுத்திக் காட்டி நான் கண்டதில்லை.

மறுநாள் வேலை தொடங்கியது. மைத்துனர் வீட்டின் பழைய கூரையிலிருந்து கழற்றிய பனஞ்சிலாகைகள் கிடந்தன. காசில்லாமற் கிடைக்கும் மரம் என்பதால் அவற்றையே பயன்படுத்த அவர் விரும்பினார். ஓடாவியார் ஒப்பவில்லை. பனையின் வைரம் உறுதியானது. ஆனால் கனமும் மிகுந்தது. மெல்லிய சட்டமாக அரிந்து துளையிட்டால் நார்வழியே பிளக்கவும் கூடும். தட்டியே வண்டிக்குச் சுமையாகிவிட்டால் அந்த அளவுக்கு விறகு குறையும் அல்லவா? எனவே குத்துக்கால்களுக்கு நன்கு முற்றிய வேம்பையும், குறுக்குச் சட்டங்களுக்குச் சிங்களத்தில் லுணுமிதெல்ல எனப்படும் மலைவேம்பையும் தெரிந்தார். முன்னது வலிமையும் செல்லரிக்காத குணமும் உடையது. பின்னது நிறை குறைந்தது. தாங்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தடுக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றும் என அவர் பிரித்துக்கொண்டார்.

வண்டியின் பக்க விளிம்பிற் குத்துக்கால் செருகுவதற்கென்றே சதுரப் பள்ளங்கள் இருந்தன, பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொரு காலின் அடியையும் பள்ளத்தின் அளவுக்குச் செதுக்கி, அதற்கு மேலே ஒரு தோள் விட்டார். தோள் விளிம்பில் அமர்ந்திருப்பதால் கால் கீழே இறங்கி இறுகிவிடுவதில்லை. வேண்டியபோது இருவர் தூக்கினால் தட்டி கழன்று வரும். பள்ளங்களின் அடியில் அடைந்திருந்த மண்ணைக் குடைந்தெடுத்து மழைநீர் வடிய வழி செய்தார். காலின் அடிப்பாகத்துக்கு வேப்பெண்ணெய் இருமுறை பூசினார்.

சட்டங்களை அவர் குத்துக்கால்களின் உட்புறத்திற் பொருத்தினார். வெளிப்புறத்திற் பொருத்தினால் பார்வைக்கு அழகாயிருக்கும் என்றார் மைத்துனர். விறகு வெளியே தள்ளும்போது வெளிப்புறச் சட்டத்தை ஆணி மாத்திரமே பிடித்திருக்கும். ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்தெழும்பினால் ஆணி கழன்றுவிடும். உட்புறச் சட்டமோ தள்ளத் தள்ளக் காலோடு சேர்ந்து அழுந்தும். சுமையே தட்டியை இறுக்கிவிடுகிறது. அப்படியிருந்தும் அவர் வெறும் ஆணியை நம்பவில்லை. ஒவ்வொரு சந்தியிலும் துளையிட்டுப் புரியாணி செருகி, மரத்தைக் கடித்துவிடாதபடி வாசர் வைத்துச் சுரையால் முறுக்கினார். ஒரு மாதம் கழித்து எல்லாச் சுரைகளையும் மறுபடி இறுக்க வேண்டும் என்றும், மரம் காய்ந்து சுருங்கும்போது இறுகியது தளரும் என்றும் சொல்லி வைத்தார்.

சட்டங்களுக்கு இடையே மூன்று விரல் வெளி விட்டார். விறகுக்கட்டை அதனூடே வெளியேறாது, காற்று வெளியேறும். வல்லை வெளியைக் கடந்து போகிறவர்களுக்கு இதன் காரணம் தெரியும். மரமோ மதிலோ இல்லாத அந்த வெளியிற் சோளகக் காற்று வண்டியின் விலாவில் வந்து மோதும். முழுப் பலகையால் அடைத்த பக்கம் அங்கே பாய்மரத்தின் வேலையைச் செய்துவிடும். முன்புறத்திலோ அவர் இடைவெளியே விடவில்லை. சாரதியின் முதுகுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியை மறைத்து, நெருக்கமாகப் பலகை அறைந்தார். திடீரென வண்டியை நிறுத்தும்போது விறகு நிற்பதில்லை. முன்னே பாயப் பார்க்கிறது. நான் வகுப்பில் நியூற்றனின் முதலாவது விதி என்று கரும்பலகையில் எழுதுவதை அவர் பலகையால் அறைந்து வைத்தார். நான்கு மூலைகளிலும் கொளுக்கி. நடுவிலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு சங்கிலி. பக்கங்கள் இரண்டும் அகன்று விரியாமல் இந்தச் சங்கிலி பிடித்துக்கொள்ளும். பின்புறத்தில் மேலிருந்து செருகும் மூன்று பலகைகள்.

இவ்வளவும் ஒழுங்காயின. உயரத்தின் வழக்கு அப்படியே இருந்தது. மைத்துனர் நாலடியை விடவில்லை. அவரைக் குறை கூறவும் முடியாது. மூத்த மகளுக்கு அவ்வாண்டு பள்ளிக்கூடத்திற் புகும் வயது. வீட்டிற் காப்பில்லாத இரண்டு கைகளை அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடாவியார் என்னைப் பார்த்தார். “மாஸ்ரர், நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறவர். போட்டுக் காட்டுங்கோ” என்றார். அங்கே கிடந்த பலகைத் துண்டில் அவருடைய பென்சிலாலேயே போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கு வீட்டில் விறகு வாங்குவோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

ஏழடிக்கு ஐந்தடி என்றால் பரப்பு 35 சதுர அடி. அதில் ஓரடி உயரத்துக்கு விறகு அடுக்கினால் 35 கன அடி. ஏறக்குறைய ஒரு கன மீற்றர். அடுக்கிய விறகில் எல்லாம் மரமல்ல. நூற்றுக்கு நாற்பது பங்கு கட்டைகளுக்கு இடையிலுள்ள வெளி. வேம்பு, புளி போன்ற வன்மரங்கள் நன்கு காய்ந்திருந்தால், ஓரடி உயர அடுக்கின் நிறை ஏறக்குறைய 450 கிலோகிராம். தறித்த சில நாளிலேயே ஏற்றினால் அதே அடுக்கு 650 கிலோகிராம் ஆகும். நாலடி உயரத்துக்கு ஏற்றினால், காய்ந்த விறகு 1,800. பச்சை விறகு 2,600. வண்டி தாங்குவதோ 1,000. அதிலும் தட்டியின் நிறையையும் உடன் செல்லும் உதவியாளின் நிறையையும் கழித்தால் எஞ்சுவது 870 அளவில்தான்.

“வில்லு முறிந்தால் புதியது போடலாம், அத்தான்” என்றார் மைத்துனர்.

முறிவது வில்லு மாத்திரமென்றால் போடலாம். இரண்டு மடங்கு நிறையோடு அதே வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்துவதற்கு, அதே பிரேக் இரண்டு மடங்கு சக்தியை விழுங்க வேண்டும். சுமை உயர உயர அதன் புவியீர்ப்பு மையமும் உயர்ந்து, வளைவில் வண்டி சாயப் பார்க்கும். பின் அச்சுக்கும் பின்னால் நிறை கூடினால் முன் சில்லுகள் இலேசாகிச் சுக்கான் சொற்கேளாது. அவர் விறகோடு வரும் நேரம் காலை ஏழரை. பிள்ளைகள் துவிச்சக்கர வண்டிகளிற் பள்ளிக்கூடம் போகும் நேரமும் அதுவே. அவர்களிற் பலர் என் மாணவர்கள். இதை நான் சொன்னபோது மைத்துனர் பதில் பேசவில்லை. ஆனால் உடன்பட்டார் என்றும் சொல்ல முடியாது. கடனுள்ள மனிதனுக்குப் பௌதிகவியல் அரைப் பதில்தான்.

வழக்கைத் தீர்த்தது ஓடாவியாரின் கைவேலை. அவர் தட்டியை இரண்டு தட்டாகச் செய்தார். கீழ்த் தட்டு, வண்டியின் அடித்தட்டிலிருந்து இரண்டடி உயரம். அது வண்டியோடு எப்பொழுதும் இருக்கும். அதன்மேற் செருகும் மேல் தட்டு இன்னும் இரண்டடி. அது வேண்டியபோது மாத்திரம் ஏறும். “கீழ்த்தட்டு கட்டைக்கு, மேல்தட்டு மட்டைக்கு” என்றார். பனைமட்டை, தென்னம்பாளை, பொச்சுமட்டை போன்றவை இடத்தை அடைக்கும்; நிறையைக் கூட்டா. நாலடி உயரத்துக்குப் பொச்சுமட்டை ஏற்றிப் பார்த்தோம். கிளுவைத் தடி தடையின்றி நுழைந்தது. மைத்துனர் கேட்ட உயரமும் கிடைத்தது. வண்டி கேட்ட அளவும் மீறப்படவில்லை.

அத்தோடு அவர் நிற்கவில்லை. கீழ்த் தட்டின் உட்புறத்தில் இரண்டு கோடுகள் வரைந்தார். 1 அடி 10 அங்குல உயரத்தில் வெள்ளைக் கோடு. அது காய்ந்த விறகுக்கு. 1 அடி 3 அங்குல உயரத்திற் சிவப்புக் கோடு. அது பச்சை விறகுக்கு. அதைக் கண்டபோது எனக்குக் கப்பல்களின் பக்கத்திலுள்ள சுமை எல்லைக் கோடு நினைவுக்கு வந்தது. அளவுக்கு மேற் சரக்கேற்றிய கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்குவதைத் தடுக்க வேண்டும் என்று, இங்கிலாந்தின் பாராளுமன்றத்திற் சாமுவேல் பிளிம்சொல் என்பவர் விடாது வாதாடினார். 1876ஆம் ஆண்டின் சட்டத்தால் அந்தக் கோடு கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அதை எந்த உயரத்தில் இடுவது என்பது முதலிற் கப்பற் சொந்தக்காரரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. 1890ஆம் ஆண்டின் சட்டமே அதன் இடத்தையும் வரையறுத்தது. இலாபம் பெறுபவன் தானே வரையும் எல்லை எல்லையாகாது என்பதை உணர அவர்களுக்குப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. எங்கள் ஓடாவியார் தூரிகையை மைத்துனர் கையிற் கொடுக்கவில்லை, தாமே வரைந்தார். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பல்களைக் கட்டியவர்களின் வழியில் வந்தவருக்குச் சுமைக்கு எல்லையிடும் அறிவு ஏட்டிலிருந்து வரவேண்டியதில்லை.

இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள ஏழு அங்குலத்தை முதலிற் கவனித்தவர் என் மாமியார். வண்டியைப் பார்க்க வந்தவர், “ஏன் தம்பி இரண்டு கோடு?” என்று கேட்டார். மைத்துனர் விளக்கியதும் அவர் சிரித்தார். “பச்சை விறகு ஏத்தினால் நீ தண்ணிதானே ஏத்திக்கொண்டு போறாய். தண்ணிக்கு ஏன் டீசல்?” என்றார். ஐம்பது ஆண்டுகள் அடுப்பூதியவரின் சொல் அது.

அந்தச் சொல்லையும் பலகைத் துண்டிற் கணக்காக்கினோம். பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நூற்றுக்கு 45 என்று வைத்தால், 1,000 கிலோகிராம் பச்சை விறகில் 550 மாத்திரமே மரம். கொத்தி அடுக்கிக் காயவிட்டால் தண்ணீர் நூற்றுக்கு 18 அளவுக்கு இறங்கும். அப்பொழுது அதே 1,000 கிலோகிராமில் 820 மரம். அதாவது, பச்சையாக மூன்று நடையிற் கொண்டு போகும் எரிபொருளைக் காய்ந்த பின் இரண்டு நடையிற் கொண்டு போய்விடலாம். தட்டியை ஓர் அங்குலமேனும் உயர்த்தாமல், வில்லுக்கு ஓர் இறாத்தலேனும் கூட்டாமல், மூன்றில் ஒரு பங்கு டீசல் மிஞ்சுகிறது. மைத்துனர் அன்று தேடிய இலாபம் தட்டியின் உயரத்தில் இருக்கவில்லை. வெயிலிலும் காற்றிலும் இருந்தது.

அடுப்பிலும் இதே கதைதான். விறகிலுள்ள தண்ணீர் முழுவதும் ஆவியாகிய பின்பே அது நன்றாக எரியும். கொதிநிலையிலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்குவதற்கு மாத்திரம் 2,260 கிலோயூல் வெப்பம் வேண்டும். அது சோற்றுக்குப் போக வேண்டிய வெப்பம். போதாமைக்குப் பச்சை விறகின் புகை சமைப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கிறது. நம் பாட்டிமார் விறகை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கியது வீணுக்கல்ல.

மைத்துனர் ஒரு காணியிற் சிறு இடத்தை வாடகைக்குப் பெற்றார். நிலத்தின் ஈரம் ஏறாதபடி கீழே இரண்டு பனங்குற்றிகளைப் போட்டு, கொத்திய விறகைக் காற்றோட்டமாக அடுக்கினார். வைகாசி முதல் ஆவணி வரை வீசும் சோளகம் அவருக்குக் கூலியில்லா வேலையாளாயிற்று. மாரி தொடங்குமுன் வீடுகளுக்கு விறகு தேவைப்படும். அதற்குள் முதல் அடுக்கு காய்ந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் மேல்தட்டைச் செருகி, மட்டையும் பாளையும் பொச்சும் ஏற்றி ஒருவாறு செலவைச் சமாளித்தார்.

ஆயினும் சோதனை வந்தே தீர்ந்தது. வெதுப்பகக்காரர் ஒருவர், ஒரு நடையில் இரு மடங்கு விறகு கொண்டு வந்தாற்றான் தொடர்ந்து எடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மேல்தட்டு வீட்டிலே சும்மா கிடக்கிறது. அதைச் செருகினால் ஒரு மாதக் கடன் கட்டுக்குள் வரும். மைத்துனர் அன்றிரவு வண்டியின் அருகே நெடுநேரம் நின்றாராம். அவருடைய மனைவி வெளியே வந்து சொன்னது ஒரே வசனம். “காப்பு இன்னொரு நாளைக்கு வாங்கலாம், பிள்ளையளுக்குத் தகப்பனை எங்கை வாங்குறது?” மறுநாள் அவர் வெள்ளைக் கோட்டளவே ஏற்றிச் சென்றார். அந்த வியாபாரம் கைவிட்டுப் போயிற்று. இரண்டு மாதம் வீட்டிற் கைச்செலவு சுருங்கியது உண்மை. பின்னர் வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டு வந்தனர். புகையாத விறகு என்ற பேச்சு அடுப்படிகளினூடாகப் பரவியது. இறுதியில் அந்த வெதுப்பகக்காரரும் ஆளனுப்பினார். காய்ந்த விறகினாற் போறணை விரைவிற் சூடேறுவதை அவர் எங்கோ கண்டிருக்க வேண்டும்.

சென்ற தவணையில் இந்தக் கணக்கை என் வகுப்பு மாணவருக்குக் கொடுத்தேன். பின்தட்டின் நீள அகலத்தையும் விறகின் நிறையையும் சொல்லி, கோட்டை எங்கே வரையலாம் என்று கேட்டேன். பெரும்பாலோர் சரியாகவே செய்தனர். பின் வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “சேர், வழியிலே மழை பெய்தால் எந்தக் கோடு?” என்று கேட்டான். அவன் தகப்பனார் லொறி ஓட்டுபவர். மைத்துனரிடம் இதைச் சொன்னேன். அந்தக் கிழமையே அவர் படங்கு ஒன்று வாங்கி வண்டியின் இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்துவிட்டார்.

விறகு வாங்கும் இல்லத்தரசிகளுக்கும் கடைக்காரருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. விறகு வண்டி வாசலில் வந்து நிற்கும்போது, அது தறித்து எத்தனை மாதம் என்று கேளுங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், பச்சை மந்தமாக ஒலிக்கும். நுனியில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குரிய விலையைக் கொடுங்கள். ஆனால், “இன்னும் ஓர் அடுக்கு ஏற்றி வந்திருக்கலாமே” என்று மாத்திரம் கேளாதீர்கள். அந்த ஓர் அடுக்கு உங்கள் வாசலை வந்து சேருமுன்னே, உங்கள் பிள்ளைகள் போகும் தெருவால்தான் வரவேண்டியிருக்கிறது.